அப்பாவுக்குப் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை: பாரிசவாதத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சுப் பயிற்சி

கை கால் இழுத்து ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லோரையும் அடையாளம் தெரிகிறது. பேரப்பிள்ளையைக் கண்டால் முகம் மலர்கிறது. வாயைத் திறந்தால் மட்டும் "தா... தா..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அன்றைக்கே பேச்சு கிளம்பிவிடும்: "மூளை கலங்கிப்போச்சு", "யாரோ செஞ்சு வச்சிட்டாங்க". மூளை கலங்கவில்லை, யாரும் எதுவும் செய்து வைக்கவும் இல்லை. சொல்லைத் தேடி எடுத்து வாய்க்கு அனுப்பும் இடத்தில் காயம் பட்டிருக்கிறது. இதற்குப் பேச்சிழப்பு என்று பெயர். டொக்டர்மார் அபேசியா என்பார்கள். பாரிசவாதம், அதாவது பக்கவாதம், வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது.

பெரும்பாலானோருக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அதன் முன்பகுதிக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ சொல் வராமல் போகிறது. வலது கையையும் முகத்தின் வலது பக்கத்தையும் அசைக்கும் இடம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் வலது கையும் சேர்ந்து தொங்கிவிடுவது வழக்கம். 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஓசைதான் அவர் பதில். ஆனால் கேட்டதெல்லாம் அவருக்குப் புரிந்தது, கையால் பதில் காட்டினார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்து, இடது முன்பகுதி பழுதாகியிருப்பதைப் புரோக்கா எடுத்துக் காட்டினார். அவர் பெயரால்தான் இந்த வகையைப் புரோக்கா அபேசியா என்கிறோம்.

தமிழ் பேசுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? பெயர்ச்சொற்கள் ஒன்றிரண்டு வரும், அதுவும் முக்கித் தக்கி. ஒட்டுகள் உதிர்ந்துவிடும். "டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்ல நினைத்தவர் வாயில் "மருந்து... டிஸ்பென்... போ" என்று வரும். 'க்கு', 'ல', 'கிட்ட' எதுவும் இருக்காது. மரியாதைக்குப் போடும் 'ங்க'வும் இப்படி உதிரக்கூடிய ஒட்டுதான். சம்பந்தியைப் பார்த்து "வா" என்று சொல்லிவிட்டால் மனம் கோணாதீர்கள். 'வாங்க' அவர் மனதில் இருக்கிறது, வாயில் முன்பாதிதான் வந்தது.

புரிதலிலும் ஓர் ஓட்டை உண்டு. அன்றாடப் பேச்சு புரியும். ஒட்டில் பொருள் தொங்கும் வாக்கியம் தடுமாற வைக்கும். "தம்பி அண்ணன அடிச்சான்" என்றால் பிடித்துக்கொள்வார். அதையே "அண்ணன தம்பி அடிச்சான்" என்று திருப்பிச் சொன்னால் யார் யாரை அடித்தது என்று குழம்பக்கூடும். ஆகவே செய்தவரை முதலில், செய்ததைக் கடைசியில் வைத்து, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள்.

வேறு நோய்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சொல்லும் வாக்கியமும் சரியாக இருந்து, உச்சரிப்பு மட்டும் வாயில் வெற்றிலை அடக்கியதுபோல் குழறினால் அது நாக்கு, உதட்டுத் தசைகளின் பலவீனம். சரளமாக நிறையப் பேசி, அதில் பொருளே இல்லாமல், நாம் சொல்வதும் புரியாமல் இருந்தால் அது வேறு வகைப் பேச்சிழப்பு. அதற்குப் பயிற்சியும் வேறு. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறதி கூடி வந்தால் அது இதுவே இல்லை. பாரிசவாதத்தால் வரும் பேச்சிழப்பு திடீரென்று, ஒரே நாளில் வரும்.

அந்த முதல் மணித்தியாலங்கள்

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990க்கு அழையுங்கள். இலங்கையின் சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது மலைநாட்டுக்கும் ஓடுகிறது. காசு கிடையாது. தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிஷன், மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் சொல்லுங்கள். மெயின் ரோட்டுச் சந்தியில் ஒரு பையனை டோர்ச்சோடு நிற்க வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி அடுத்த டிவிஷனுக்குப் போய்த் திரும்பும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம், நீங்கள் அவரைக் கண்டுபிடித்த நிமிஷத்திலிருந்து ஓடுவதில்லை. அவர் கடைசியாக நல்லபடியாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து ஓடுகிறது. "விடியட்டும், பார்த்துக்கிட்டுப் போவோம்" என்ற ஒரு பேச்சால் போன பேச்சுகள் ஏராளம். கடைசியாகப் பார்த்த நேரத்தைக் காகிதத்தில் எழுதி, அவர் குடிக்கும் குளிசைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வழியில் அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வந்திருப்பது அடைப்பா இரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அஸ்பிரின் அதைக் கூட்டும்.

தேத்தண்ணியும் கொடுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மயங்கியவருக்குச் சுடச்சுடப் பிளேன்டீ ஊற்றுவது நம் கை தானாகச் செய்யும் வேலை. பாரிசவாதத்தில் தொண்டைத் தசையும் பழுதாகியிருக்கலாம். அப்படியானால் தண்ணீரைப்போல் ஓடும் எதுவும் நேராக நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஆஸ்பத்திரியில் விழுங்கிப் பார்க்கும் பரிசோதனை செய்து "கொடுக்கலாம்" என்று சொன்ன பிறகே வாய் வழியாகக் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பின்னும் நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின் அடுத்த வாய். குடித்ததும் இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவருக்கும் இது பொருந்தும். பாக்குத்தூள் புரையேறுவது சாதாரண விஷயம் இல்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்

வோர்ட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். பேச்சிழப்பு வந்தவரிடம் அவருக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் "கையைத் தூக்குங்கள்" என்று கேட்டு அவர் விழித்தால், "புரிதலும் போய்விட்டது" என்று எழுதிவிடக்கூடும். பரிசோதிக்கும் நேரத்தில் வீட்டார் ஒருவர் பக்கத்தில் நின்று அதே கேள்வியைத் தமிழில் கேளுங்கள். கேட்கும்போது நீங்கள் கையைத் தூக்கிக் காட்டாதீர்கள். காட்டினால் அவர் பார்த்துச் செய்தாரா, கேட்டுச் செய்தாரா என்று தெரியாமல் போகும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கை கால் பயிற்சிக்கு மட்டும் எழுதி அனுப்பிவிடுவதுண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு சிகிச்சையாளர்களைப் பட்டப்படிப்பாகப் பயிற்றுவிக்கிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் அவர்களிடம் காட்டக் கட்டணம் இல்லை. கண்டி, பேராதனை, பதுளை, நுவரெலியா என்று எங்கே கிளினிக்குக்குப் போனாலும் அங்கே அந்தப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் அமைவது கடினம். அமையாவிட்டாலும் போங்கள். சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போய், சிகிச்சையாளர் காட்டும் பயிற்சியை ஃபோனில் வீடியோ எடுத்து வாருங்கள். சொற்களை மட்டும் தமிழில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வருவதால் மட்டும் பேச்சு திரும்பாது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் மெல்ல நடக்கும். அந்த நாட்களில் மிச்சப் பயிற்சி முழுவதும் காம்பராவுக்குள், இஸ்தோப்பில், அடுப்படியில் நடக்க வேண்டியது.

சோதிக்காதீர்கள், பேசுங்கள்

வீட்டார் செய்யும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. பாசத்தால்தான் செய்கிறார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் அப்பா முன்னால் நின்று, "நான் யாருன்னு தெரியுதா? எம் பேரச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார்கள். ஒருவர் அரிச்சுவடி வாங்கி வந்து "அ... ஆ... சொல்லுங்க" என்பார். இன்னொருவர் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு "தேத்தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்" என்பார். மூன்றும் கெடுதல். பரீட்சை வைத்தால் பதற்றம் கூடும், பதற்றத்தில் வரவிருந்த சொல்லும் மறையும். நாற்பது வருஷம் மலையில் வேலை செய்த மனிதருக்கு எழுத்துப் பாடம் வேண்டாம். அவருக்கு வேண்டியது வீட்டுச் சொல். தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே, "தேத்தண்ணி. சூடா இருக்கு. மெதுவா குடிங்கப்பா" என்று மூன்று தடவை அவர் காதில் விழச் சொன்னால் அது பயிற்சி. பிடித்து வைத்துக் கேட்டால் அது தண்டனை.

பேச உட்காரும்போது அவர் முகத்துக்கு நேரே, கொஞ்சம் அவருடைய இடது பக்கமாக உட்காருங்கள். சிலருக்கு வலது பக்கப் பார்வையும் பழுதாகியிருக்கும். மூக்குக்கண்ணாடி, பல்செட் இருந்தால் போட்டுவிடுங்கள். டீவியை நிறுத்துங்கள், பக்கத்துக் காம்பரா ரேடியோவையும் குறைக்கச் சொல்லுங்கள். தகரத்தில் மழை இரைக்கும் நேரத்தில் பயிற்சி வேண்டாம். காதில் இரைச்சல் விழும்போது பழுதான மூளைக்குச் சொல்லைப் பிரித்தெடுக்க முடியாது. கத்திப் பேசவும் வேண்டாம், அவருக்குக் காது கேட்கிறது.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நமக்குப் பத்து நொடி நீண்ட மௌனம், அவருக்கு அது சொல்லைத் தேடும் நேரம். நான்காவது நொடியில் நாமே சொல்லி முடித்துவிட்டால் அவர் தேடுவதையே விட்டுவிடுவார்.

ஒரு சொல் வெளியே வரும் பாதையைக் கிட்டே இருந்து பார்ப்போம். ஐப்பசி மழை. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, முகம் சுருங்கி, "கா... கா... அது..." என்கிறார்.

மகள் பத்து எண்ணுகிறாள். வரவில்லை. "சாமானா அப்பா, ஆளா?" என்று இரண்டு விரலைக் காட்டிக் கேட்கிறாள். முதல் விரலைத் தொடுகிறார்: சாமான்.

"வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?" இடது கை கதவுப் பக்கம் போகிறது.

"காசா?" இல்லை. "கத்தியா?" இல்லை, இப்போது கோபம் வருகிறது. மகள் அடுக்கிக்கொண்டே போகாமல் நிறுத்துகிறாள். பழைய காகிதத்தையும் பென்சிலையும் அவருடைய இடது கையில் கொடுக்கிறாள். ஒரு நீளக் கோடு இழுக்கிறார், அதன் நடுவில் கிறுக்குகிறார்.

"கானா அப்பா? கான் அடைச்சிருச்சா?"

"ஆ! கான்... தண்ணி... தண்ணி!"

"லயத்துக்குப் பின்னால தண்ணி ஓடுற கான் அடைச்சிருக்கு, தண்ணி உள்ள வரப்போவுது. அதான சொல்றீங்க?" தலையை ஆட்டிக் கட்டைவிரலை உயர்த்துகிறார்.

பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் கேள்விகள், விரலும் காகிதமும், கடைசியில் புரிந்ததை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது: இதில் மகள் செய்தது இவ்வளவுதான். அந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். அவருடைய ஒற்றைச் சொல்லை முழு வாக்கியமாக அவர் காதில் திரும்ப விழ வைப்பது, திருத்துகிறோம் என்று காட்டாமலே திருத்துவது. புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "எனக்கு இன்னும் விளங்கல அப்பா, கொஞ்சம் கழிச்சுப் பாப்போம்" என்று நேராகச் சொல்லுங்கள்.

ஆமாவும் இல்லையும்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதை நிலைநிறுத்த வேண்டும். பேச்சிழப்பு வந்தவர்கள் 'ஆமா' என்று நினைத்து 'இல்ல' என்பார்கள். அதோடு நம் தலையாட்டலும் குழப்பமானது. நாம் ஆமாவுக்கு ஆட்டுவது சில நேரம் இல்லைக்கு ஆட்டுவதுபோலவே இருக்கும். தமிழில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: 'வேணும்', 'வேணாம்'. ஓர் ஓசைதான் வித்தியாசம். அந்த ஓர் ஓசை வழுக்கினால் வேண்டாத சோற்றை ஊட்டிக்கொண்டிருப்போம். ஆகவே "வேணுமா வேணாமா" என்று கேட்பதையே நிறுத்துங்கள்.

சோப்புப் பெட்டி அளவில் இரண்டு அட்டை வெட்டி, ஒன்றில் பச்சைச் சரியடையாளம், மற்றதில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு இடது கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். முதலில் பதில் நமக்குத் தெரிந்த கேள்வியாகக் கேளுங்கள்: "இது நம்ம வீடா?", "நீங்க பொம்பளையா?" பத்துக் கேள்வியில் குறைந்தது எட்டுக்குச் சரியாகத் தொட்டால், அட்டையை நம்பலாம். அதற்குக் கீழே இருந்தால், நிஜ விஷயங்களுக்கு இரண்டு சாமானையும் நேரில் காட்டித் தேர்வு செய்ய வையுங்கள்: ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் சோறு. அந்த நிலையில் இருக்கும்போது ஈ.பி.எஃப் (சேமலாப நிதி) தாளிலோ வங்கித் தாளிலோ அவரிடம் பெருவிரல் அடையாளம் வாங்காதீர்கள். அவர் விளங்கிச் சம்மதித்தாரா என்பதை உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இருபது சொல், ஏழு படி

அவருக்கு வேண்டிய இருபது சொல்லை அவரையே தேர்ந்தெடுக்க வையுங்கள். பேர்கள், சாப்பாடு, வலி, வெளிக்கு, குளிசை, கம்பளி, சாமி, கான், காசு. அம்மா, மாமா, பால், பாப்பா போல உதடு ஒட்டும் சொற்கள் சில இருக்கட்டும், வாயைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் வீட்டுச் சாமானையே ஃபோனில் படம் எடுத்து அச்சடியுங்கள். யாரோ வீட்டுக் கம்பளிப் படத்தைவிட அவர் கம்பளியின் படம் சொல்லை வேகமாக இழுத்து வரும்.

'கம்பளி'யை எடுத்துக்கொள்வோம். படத்தைக் காட்டி, பத்து எண்ணிக் காத்திருங்கள். வராவிட்டால் அதைப் பற்றிப் பேசுங்கள்: "குளிருக்குப் போத்துறது, கதவுக்குப் பின்னால தொங்குது, மழைக்கும் போட்டுக்குவீங்க." அதுவும் போதாவிட்டால் போர்த்தும் சைகையைச் செய்து அவரையும் இடது கையால் செய்யச் சொல்லுங்கள். அடுத்து, வாக்கியத்தை முடிக்காமல் விடுங்கள்: "குளுருது, அந்தக் கறுப்பு..." அடுத்து, முதல் ஓசையை மட்டும் வாயைக் காட்டிச் சொல்லுங்கள்: "க..." பிறகு "கம்...", உதட்டை மூடிக் காட்டி. கடைசியாக முழுச் சொல்லையும் நீங்கள் சொல்லி, சேர்ந்து மூன்று தடவை சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து அதே படத்தைத் திரும்பக் காட்டுங்கள். அந்தத் திரும்பக் காட்டலில்தான் சொல் பதிகிறது. பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

எந்தப் படியில் சொல் வந்தது என்று கலண்டரில் எண்ணாக எழுதுங்கள். போன கிழமை ஆறாவது படியில் வந்தது இந்தக் கிழமை நாலாவதில் வந்தால் அது முன்னேற்றம். காதுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் கலண்டர் சொல்லிவிடும். இருபதில் பதினாறு, உதவியில்லாமல் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் புதுச் சொற்களைச் சேருங்கள். படிக்கத் தெரிந்தவருக்குப் படத்தின் கீழ் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதலாம். பள்ளிக்கூடம் போகாதவருக்கு எழுத்து வேண்டாம், படம் போதும்.

ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் வைத்தால் களைப்பில் பிழை கூடும், பிழையும் பதியும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு ஓடும் நேரம் சரிவராது. பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளை ஒரு தடவை, கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மா ஒரு தடவை, விளக்கு வைத்த பின் மகன் ஒரு தடவை என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பகலில் தனியாக இருக்கும்போது ஆளைக் கூப்பிட இடது கைக்கு எட்டும்படி ஒரு மணியைக் கட்டித் தொங்க விடுங்கள்.

பாட்டு ஏன் வருகிறது

'தண்ணி' என்று சொல்ல முடியாதவர் மாரியம்மன் பாட்டை முழுசாகப் பாடுவார். தப்பு மேளச் சத்தம் கேட்டால் காமன் கூத்துப் பாட்டை வரி தவறாமல் எடுப்பார். அதைக் கேட்டுவிட்டு "வேணுமுன்னே பேசாம இருக்காரு" என்று சொல்லும் வீடுகள் உண்டு. அப்படியில்லை. பாட்டு, எண்ணிக்கை, கிழமை நாட்கள், மந்திரம், ஜெபம், வசவுச் சொல் இவையெல்லாம் பழகிப் பழகித் தானாக ஓடுபவை. மெட்டுக்கு மூளையின் வலது பக்கமும் துணை நிற்கிறது. நினைத்துச் சொல்லும் சொல் மட்டும் பழுதான பாதை வழியாக வர வேண்டியிருக்கிறது. வசவு வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அவர் தேடியது வேறு சொல்லாகவே இருக்கும்.

வெறுமனே பாடிக்கொண்டிருந்தால் பேச்சு வராது, ஆனால் மெட்டை ஏணியாக்கலாம். 1973இல் அமெரிக்காவில் இதை ஒரு சிகிச்சை முறையாக அறிமுகப்படுத்தினார்கள். புரிதல் நன்றாக இருந்து, வாயில் மட்டும் சொல் வராதவர்களுக்கு இது பொருந்தும். 'தண்ணி தா' என்று சின்ன வாக்கியம் ஒன்றை எடுங்கள். தண்–ணி–தா, மூன்று அசை. அழுத்தம் விழும் அசைக்கு மேல் சுருதி, மற்றதுக்குக் கீழ்ச் சுருதி, இரண்டு சுருதி போதும். அவருடைய இடது கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே முதலில் 'ம்ம்' என்று முனகுங்கள். பிறகு சொல்லோடு சேர்ந்து பாடுங்கள். பாதியில் உங்கள் குரலைக் குறைத்து அவரை முடிக்க விடுங்கள். அடுத்து நீங்கள் பாட, அவர் தனியாகத் திருப்பிப் பாட வேண்டும். அதன் பின் "என்னா வேணும்?" என்று கேளுங்கள், அவர் பாட்டாகவே பதில் சொல்லட்டும். கடைசியில் மெட்டைக் கழற்றிச் சாதாரணப் பேச்சாக்குங்கள். ஒரு படி தவறினால் முந்திய படிக்கு இறங்குங்கள். 'பசிக்குது', 'வலிக்குது', 'வெளிய போவோம்' என்று ஐந்து வாக்கியம் இரண்டு கிழமைக்குத் தாராளம்.

எண்ணிக்கையையும் இப்படிப் பயன்படுத்தலாம். வியாழக்கிழமை கிளினிக் என்று சொல்ல வராதவரை ஞாயிறிலிருந்து சேர்ந்து சொல்ல வைத்து வியாழனில் நிறுத்துங்கள். சொல் தானாக வந்து நிற்கும்.

பிழை வரும் இடங்கள்

சொல் ஒட்டிக்கொள்வது ஒன்று. கம்பளி என்று சொன்னவர் அடுத்து ரொட்டியைக் காட்டினாலும் கம்பளி என்பார். "இல்ல, தப்பு" என்றால் இன்னும் இறுகும். படங்களை மூடி, ஒரு நிமிஷம் சும்மா இருந்து, வெளியே பார்க்க வைத்து, வேறு வகைச் சொல்லோடு தொடங்குங்கள்.

நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவது, தேன் தடவுவது, மெழுகுதிரி ஊதவைப்பது, பலூன் ஊதவைப்பது எல்லாம் நாக்கையும் மூச்சையும் நோக்கிய வேலை. பழுது நாக்கில் இல்லை. விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு வசம்பும் தேனும் புரையேறும் ஆபத்து வேறு. எண்ணெய் தேய்க்கலாம், ஆனால் விழுந்த வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும்.

அழுகை இன்னொன்று. காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் மூளைக் காயத்தாலேயே வரலாம், பேச்சை மாற்றினால் அடங்கும். ஆனால் சாப்பாடு வேண்டாமல், தூக்கமில்லாமல், சுவர்ப் பக்கம் திரும்பியே இரண்டு கிழமை கிடந்தால் அது மனச்சோர்வு. அதற்கு மருந்து இருக்கிறது, கிளினிக்கில் சொல்லுங்கள். பேச முடியாதவரிடம் யாரும் "மனசு எப்படி இருக்கு" என்று கேட்பதில்லை. அட்டையில் அழுத முகம், சிரித்த முகம், கோப முகம் வரைந்து வைத்துக் கேளுங்கள்.

ஓரளவு வந்திருந்த பேச்சு திடீரென்று மறுபடி போனால், அல்லது வலிப்பு வந்தால், பயிற்சிக் குறை என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். மறுபடி 1990. அந்த நாள் வராமலிருக்க பிரஷர்க் குளிசையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. "இப்ப நல்லா இருக்கு" என்று நிறுத்துவதால்தான் பலருக்கு இரண்டாம் தடவை வருகிறது. கருவாடு, ஊறுகாய் உப்பையும் சாராயத்தையும் புகையிலையையும் பற்றி டொக்டர் சொன்னதை வீட்டில் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும்.

கொப்பியும் கடைவீதியும்

அச்சடித்த படங்களை ஒரு தடித்த கொப்பியில் ஒட்டுங்கள். பக்கத்துக்கு நாலு படம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டாள் முகங்கள், சாப்பாடு, உடம்புப் படம் ஒன்று வலிக்கும் இடத்தைத் தொட்டுக்காட்ட, இடங்கள்: கோயில், டவுன், ஸ்டோர், கொழுந்து நிறுக்கும் மடுவம், ஆஸ்பத்திரி. கலண்டரின் ஒரு தாள். கடைசியில் நாலு வெற்றுப் பக்கம் கிறுக்குவதற்கு. பேச்சு கொஞ்சம் வந்ததும் கொப்பியை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு, சோம்பேறி ஆகிவிடுவார் என்ற பயத்தில். படத்தைத் தொடும்போது சொல்லும் சேர்ந்து வர வாய்ப்பு கூடுகிறது. கொப்பியை எடுக்காதீர்கள்.

சட்டைப் பைக்கு ஓர் அட்டை எழுதுங்கள், ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் சிங்களம் தெரிந்தவரைக் கொண்டு: "பாரிசவாதத்தால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் சொல்வது புரியும். மெதுவாகப் பேசி, கொஞ்சம் காத்திருங்கள்." கீழே வீட்டு ஃபோன் நம்பர். பஸ்ஸில் கண்டக்டரிடமும், கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் இடத்திலும் காட்டலாம். குடித்திருக்கிறார் என்று தள்ளிவிடமாட்டார்கள்.

நடக்கத் தொடங்கியதும் தோட்டத்துக் கடைக்கு அனுப்புங்கள், ஒருவர் பின்னால் பத்தடி தள்ளிப் போகட்டும். முதல் தடவை ஒரே ஒரு சாமான், வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பழகியது, பருப்போ சீனியோ. காசை எண்ணிக் கையில் கொடுத்துவிடுங்கள், எண்களும் இப்போது அவருக்குக் குழம்பும். கடைக்காரரிடம் முதல் நாளே போய் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அவர் "ப..." என்று தொடங்கியதும் எடுத்துக் கொடுத்துவிடாமல் பத்து எண்ண வேண்டும் என்று.